பகுதியைத் தொலைத்த கதை – சேஷாத்ரியில் இருந்து க்வில்லன் வரை

டிஸ்கி: இது கணக்குப் பதிவு. ஆனா பயந்து ஓட வேண்டாம். பத்தாம் வகுப்புல விகிதமுறு கோவைன்னு ஒரு பாடம் படிச்சிருப்பீங்க இல்லையா, அது ஞாபகம் இருந்தா போதும். கவிதை, சினிமா விமர்சனம்னு எதிர்பார்த்து வந்தவங்களுக்கு ஒரு ஆறுதல்: இதுலயும் ஒரு ஹீரோ, ஒரு சஸ்பென்ஸ், ஒரே மாசத்துல ரெண்டு ஊர்ல க்ளைமாக்ஸ் எல்லாம் இருக்கு :-)

நம்ம ஊர்ல கணித வரலாறுன்னு ஆரம்பிச்சா ராமானுஜன்ல தொடங்கி ராமானுஜன்லயே முடிஞ்சிடும். அவர் பெரிய ஆள்தான், யாரு இல்லேன்னா? ஆனா காஞ்சிபுரத்துல பிறந்து, லயோலா காலேஜ்ல படிச்சு, இருபத்தாறு வயசுல மூணே பக்கத்துல ஒரு கட்டுரை எழுதி, உலகம் 21 வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்ட ஒரு கேள்வியோட முதல் கதவைத் திறந்தவர் ஒருத்தர் இருக்கார். சி.எஸ். சேஷாத்ரி. அவர் திறந்த கதவு எது, கடைசிக் கதவை யார் திறந்தாங்க, ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்த சாவி எது – இதுதான் இந்தப் பதிவு. சாவியை முன்னாடியே சொல்லிடறேன்: பின்னம்.

பின்னம்னா என்ன, எவ்வளவு பின்னம்?

முழு எண்களை எடுத்துக்குங்க. கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், விடை முழு எண்ணாவே இருக்கும். வகுத்தா மட்டும் வெளியே போயிடும். இந்த மாதிரி அமைப்புக்கு வளையம்னு பேர். எக்ஸ், ஒய் வச்சு எழுதற பல்லுறுப்புக் கோவைகளும் ஒரு வளையம்தான்.

இதுல பூஜ்யமில்லாத ரெண்டைப் பெருக்கினா பூஜ்யம் வராது. "இதென்ன பெரிய விஷயமா?"ன்னு கேப்பீங்க. பெரிய விஷயம்தான். கடிகாரக் கணக்குல 3 × 4 = 12, அதாவது பூஜ்யம். அங்க 3ஐயும் 4ஐயும் பகுதியில போட்டு பின்னம் எழுத ஆரம்பிச்சா, பகுதியில பூஜ்யம் வந்து நின்னு எல்லாம் நாறிப் போயிடும். இந்தத் தொல்லை இல்லாத வளையத்துக்குத்தான் இன்டெக்ரல் டொமைன்னு பேர். பின்னம் எழுத உரிமை உள்ள இடம்னு வச்சுக்கலாம்.

இப்போ முக்கியமான விஷயம். பின்னம்னு சொன்ன உடனே "எல்லாப் பகுதியும் அனுமதி"ன்னு நினைக்கிறோம். அப்படி இருக்கணும்னு கட்டாயம் இல்ல. 10, 100, 1000 மட்டும்தான் பகுதியில வரலாம்னு வச்சா என்ன கிடைக்கும்? 0.5, 0.37, 2.125 மாதிரி, முடியற தசம எண்கள். 1/3 உள்ளே வராது. ஆனா உள்ள இருக்கறதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் உள்ளேயே இருக்கும். அதாவது இதுவும் ஒரு வளையம். முழு எண்களுக்கும் மொத்தப் பின்னங்களுக்கும் நடுவுல நிக்கிற வளையம். தினமும் காய்கறிக் கடையில இந்த வளையத்துக்குள்ளதான் கணக்குப் போடறோம்.

பல்லுறுப்புக் கோவைகளுக்கும் இதே கதைதான். பகுதியே இல்லைன்னா கோவைகளோட வளையம். எல்லாப் பகுதியும் ஓகேன்னா விகிதமுறு சார்புகளோட களம் – கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலுமே தாராளமா நடக்கற இடம். இந்த ரெண்டுக்கும் நடுவுல, எந்தப் பகுதிகளை உள்ளே விடறோம்ங்கறதைப் பொறுத்து ஏகப்பட்ட விகிதமுறு சார்பு வளையங்கள். அதுல ஒண்ணுதான் நம்ம க்ளைமாக்ஸ்ல வரப் போகுது.

கேள்வி என்ன?

(6, 10, 15) – இந்த மூணுக்கும் பொதுவா வகுக்கற எண் 1 மட்டும்தான். எந்த ரெண்டை எடுத்தாலும் பொது வகுத்தி இருக்கு, மூணுக்கும் சேர்த்து இல்ல. அதனால 6 + 10 − 15 = 1ன்னு 1ஐ உண்டாக்க முடியுது. இப்போ ஒரு விளையாட்டு. இதை முதல் வரிசையா வச்சு, கீழே இன்னும் ரெண்டு வரிசை முழு எண்களை எழுதி, 3 × 3 அணி ஒண்ணு கட்டணும். அணிக்கோவையோட மதிப்பு சரியா 1 வரணும்.

முடியும். இரண்டாவது வரிசை (0, 1, 1), மூணாவது வரிசை (1, 0, 1). பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க: 6 + 10 − 15 = 1.

முழு எண்கள்ல இது எப்பவுமே முடியும். ஒரே மாறி உள்ள பல்லுறுப்புக் கோவைகள்லயும் முடியும். காரணம், ரெண்டுலயும் ஈவு–மீதி வகுத்தல் இருக்கு. மீ.பொ.வ. கண்டுபிடிக்க சின்ன வயசுல போட்டோமே, அதே முறையில வரிசையைச் சுருக்கிக்கிட்டே வந்து (1, 0, 0) ஆக்கிடலாம். வந்த வழியே திரும்பிப் போனா அணி ரெடி.

ரெண்டு மாறி வந்தா? எக்ஸ், ஒய் ரெண்டும் இருந்தா ஈவு–மீதி வகுத்தல் படுத்துடும். எக்ஸை ஒய்யால வகுத்தா மீதி எது? யாருக்கும் தெரியாது. இப்போ மூணு கோவைகள் இருக்கு, ஏதோ மூணு கோவைகளால பெருக்கிக் கூட்டினா 1 வருது. இந்த வரிசையை அணிக்கோவை 1 வர்ற அணியா நிரப்ப முடியுமா? மாறிகள் பத்து, வரிசையில கோவைகள் இருபதுன்னா?

வரிசையில ரெண்டே கோவைன்னா சப்பை மேட்டர். க × ப + ச × ம = 1 என்றால், மேலே (க, ச), கீழே (−ம, ப). அவ்ளோதான். மூணுல இருந்துதான் கஷ்டகாலம்.

"முடியாம எங்க போகும், கொஞ்சம் தேடினா கிடைச்சிடும்"னு நினைக்காதீங்க. முடியாத இடம் நிஜமாவே இருக்கு. உருண்டையோட மேல்பரப்பை எடுத்துக்குங்க: எக்ஸ், ஒய், இசட் மூணோட வர்க்கங்களையும் கூட்டினா 1. அந்தப் பரப்பு மேல வாழற கோவைகளோட வளையத்துல (எக்ஸ், ஒய், இசட்) வரிசை நம்ம நிபந்தனைக்குச் சரியா வருது. ஏன்னா எக்ஸ்×எக்ஸ் + ஒய்×ஒய் + இசட்×இசட் = 1. ஆனா இதை நிரப்பவே முடியாது. நிரப்பினோம்னா, இரண்டாவது வரிசையை வச்சு உருண்டை மேல ஒவ்வொரு புள்ளியிலயும் பரப்பை ஒட்டிப் படுக்கிற ஒரு முடியை, எங்கேயும் சுழி இல்லாம வாரி விட்டுடலாம். உருண்டை முழுக்க முடி இருந்தா அப்படி வாரவே முடியாதுங்கறது டோபாலஜியில நிரூபிச்ச விஷயம். நம்ம தலையிலயும் சுழி இல்லாம இருக்கா? சிலருக்கு ரெட்டைச் சுழி வேற!

ஆக, கேள்வியோட உயிர் இதுதான். உருண்டையில ஒரு திருகல் ஒளிஞ்சிருக்கு. அது அணியை நிரப்ப விடாம தடுக்குது. மாறிகளுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லாத வெட்டவெளியில, அப்படி ஏதாவது திருகல் ஒளிஞ்சிருக்குமா?

1955 – ஒரு வரி

இந்தக் கேள்வியை எழுப்பினவர் பிரான்ஸ் நாட்டு ழான்-பியர் ஸெர். 1954ல ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கின ஆள். 1955ல "எஃப்.ஏ.சி." என்று சுருக்கமா சொல்லப்படற ஒரு நீளமான கட்டுரையில, ஷீஃப் என்ற கருவியை இயற்கணித வடிவியலுக்குள்ள கொண்டு வந்தார். அதுல போற போக்குல ஒரு குறிப்பு: பல்லுறுப்புக் கோவை வளையத்து மேல, ஃப்ரீயா இல்லாத முடிவுறு ப்ரொஜெக்டிவ் மாட்யூல் இருக்கான்னு தெரியலை.

பேரைப் பார்த்து மிரள வேண்டாம். மாட்யூல்னா வெக்டர்களோட கூட்டம், ஆனா பெருக்கற எண்கள் ஒரு வளையத்துல இருந்து வரும். ஃப்ரீன்னா அதுக்குச் சொந்தமா அச்சுகள் இருக்கு, இந்தத் திசையில இவ்வளவு, அந்தத் திசையில அவ்வளவுன்னு ஒவ்வொரு வெக்டரையும் ஒரே விதமா எழுதலாம். ப்ரொஜெக்டிவ்னா அப்படி அச்சுகள் உள்ள ஒரு பெரிய கூட்டத்துல இருந்து சுத்தமா வெட்டி எடுத்த துண்டு. வெட்டின துண்டுக்கும் சொந்த அச்சுகள் இருக்குமா? இதுதான் கேள்வி. அந்தத் துண்டோட இன்னும் சில அச்சுகளை ஒட்ட வச்சா அது ஃப்ரீ ஆயிடும்னு கொஞ்ச காலத்துலயே ஸெர் காட்டிட்டார். அதுக்கப்புறம் கேள்வி நாம மேல பார்த்த வரிசை நிரப்பற விளையாட்டா சுருங்கிடுச்சு.

ஒரு சின்ன வேடிக்கை. எல்லாரும் இதை "ஸெர் அனுமானம்"னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஸெருக்கு அது பிடிக்கலை. அவர் எதையும் அனுமானிக்கலை, தெரியலைன்னுதானே சொன்னார்! இதைப் பத்தியே புத்தகம் எழுதின லாம் என்ற கணிதவியலாளர், 1978ல வந்த புத்தகத்துக்கு "ஸெர் அனுமானம்"னு தலைப்பு வச்சார். 2006ல விரிவாக்கி எழுதினப்போ "ஸெர் பிரச்சினை"ன்னு மாத்திட்டார். தெரியலைன்னு ஒருத்தர் நேர்மையா சொன்னதை ஜோசியம் ஆக்கக் கூடாது இல்லையா?

1958 – மூணு பக்கம்

சேஷாத்ரி 1932 பிப்ரவரி 29ல பிறந்தவர். சென்னை லயோலாவுல அவருக்கு வாய்ச்ச ஆசிரியர் ராசீன் என்ற பிரெஞ்சு ஜேசு சபைப் பாதிரியார். பாரீஸ்ல அப்போ நடந்துக்கிட்டிருந்த புதுக் கணிதத்தோட வாசனை தெரிஞ்ச மனுஷன். 1953ல சேஷாத்ரி பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். அதே ராசீன்கிட்ட படிச்ச எம்.எஸ். நரசிம்மனும் அதே சமயத்துல அங்க சேர்ந்தார். 1957ல இருந்து 1960 வரைக்கும் சேஷாத்ரி பாரீஸ்ல. ஸெர் நடமாடிக்கிட்டிருந்த அதே ஊர்.

1958ல அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியோட இதழ்ல மூணு பக்கக் கட்டுரை. விஷயம்: ரெண்டு மாறிகளுக்கு ஸெர் கேள்விக்கு விடை கிடைச்சாச்சு. திருகல் கிடையாது. எல்லாத் துண்டுக்கும் அச்சு உண்டு.

எப்படிப் பண்ணினார்? இங்கதான் பின்னம் வருது.

எக்ஸ், ஒய் ரெண்டையும் சமமா நடத்தினா வகுத்தல் படுத்துடுதுன்னு பார்த்தோம். அதனால ஒரு ஓரவஞ்சனை. எக்ஸ் மட்டும் பகுதியில வரலாம்னு வச்சுக்குவோம். எக்ஸ்ல எந்தக் கோவையால வேணும்னாலும் வகுக்கலாம். ஒய்யால வகுக்கக் கூடாது. இப்போ எக்ஸ் சம்பந்தப்பட்டதெல்லாம் வெறும் எண் மாதிரி ஆயிடுச்சு. மிச்சம் இருக்கறது ஒரே மாறி, ஒய். ஒரே மாறின்னா ஈவு–மீதி வேலை செய்யும். அச்சுகள் கிடைச்சாச்சு!

ஆனா இது கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணின மாதிரி. கிடைச்ச அச்சுகளை நம்ம பழைய வளையத்துல எழுதிப் பார்த்தா, மொத்தத் துண்டையும் அளக்க பகுதியில எக்ஸ் கோவை ஒண்ணு நிக்கும். உதாரணத்துக்கு எக்ஸ் × எக்ஸ் × (எக்ஸ் − 1)னு வச்சுக்கலாம். இந்தக் கடனை அடைக்கணும்.

சேஷாத்ரி அதைத் தவணையில அடைச்சார். (எக்ஸ் − 1)ஐ எடுத்துக்குங்க. எக்ஸ் = 1னு போட்டா எக்ஸே காணாமப் போயிடும், ஒய் மட்டும்தான் மிச்சம். மறுபடி ஒரு மாறி உலகம். அந்த உலகத்துல, அணிக்கோவை 1 உள்ள எந்த அணியையும் "ஒரு வரிசையைப் பெருக்கி இன்னொண்ணோட கூட்டு" என்ற எளிய செயலை மட்டும் திரும்பத் திரும்பப் பண்ணியே உருவாக்கிடலாம். இந்தச் செயல்ல ஒரு அழகு இருக்கு. பெருக்கற கோவையை மட்டும் பழைய உலகத்துக்குத் தூக்கிட்டுப் போனா போதும், அங்கேயும் அணிக்கோவை 1ஆவே இருக்கும். எதுவும் உடையாது. அப்படித் தூக்கிட்டுப் போய் அச்சுகளைத் திருப்பி வச்சா, அதுல ஒரு அச்சாவது முழுசா (எக்ஸ் − 1)ஆல வகுபடும். வகுத்துட வேண்டியதுதான். ஒரு தவணை முடிஞ்சது. அடுத்தது எக்ஸ். அப்புறம் இன்னொரு எக்ஸ். பகுதியில இருந்த காரணிகள் ஒவ்வொண்ணாக் கழண்டு கடைசியில பகுதியே இல்லாமப் போயிடும்.

இதுதான் அந்தச் சாவி. பின்னங்களோட உலகத்துக்குள்ள போ, அங்க சுலபமா இருக்கற வேலையை முடி, அப்புறம் பகுதியைத் தொலைச்சுட்டு வீடு வந்து சேர். போறது யாருக்கும் சுலபம். திரும்பி வர்றதுதான் கணக்கு.

நடுவுல 18 வருஷம்

ரெண்டு மாறிக்கு ஆச்சு. மூணுக்கு? இங்கதான் வண்டி நின்னுது. சேஷாத்ரியோட தவணை முறையில, (எக்ஸ் − 1) மாதிரி ஒரு காரணியைப் பூஜ்யமாக்கினதும் மிச்சம் இருந்தது ஒரு மாறி உலகம். மூணு மாறியில அதே வேலையைப் பண்ணினா மிச்சம் ரெண்டு மாறி இருக்கும். அங்க எளிய செயல்களை வச்சு எல்லா அணியையும் கட்டலாம்ங்கற உத்தரவாதம் போயிடுது.

நடுவுல சும்மா இருக்கலை. முடிவுறு இல்லாத பெரிய துண்டுகளுக்குப் பிரச்சினையே இல்லைன்னு 1963ல ஹைமன் பாஸ் காட்டினார். வேடிக்கையைப் பாருங்க, முடிவில்லாதது சுலபம், முடிவுள்ளதுதான் கஷ்டம்!

1964ல ஹாரக்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு அருமையான விஷயத்தைக் கண்டுபிடிச்சார். அப்போ அது ஸெர் கேள்விக்கு நேரடி விடை இல்லை. ஆனா பின்னாடி அதுதான் துருப்புச் சீட்டா ஆச்சு. அது என்னன்னு சொல்றதுக்கு முன்னாடி தலைக்கெழுவைப் பத்தி ஒரு நிமிஷம்.

ஒரு கோவையில அதிகபட்சப் படி உள்ள உறுப்போட கெழு 1னா, அது தலைக்கெழு 1 கோவை. எக்ஸ் + 1 அப்படிப்பட்டது. 2எக்ஸ் + 1 அப்படி இல்ல. முழு எண் கெழுக்களை மட்டும் வச்சுக்கிட்டு எக்ஸ் வர்க்கத்தை எக்ஸ் + 1ஆல வகுங்க: ஈவு எக்ஸ் − 1, மீதி 1. சமர்த்தா முடியும். 2எக்ஸ் + 1ஆல வகுங்க: முதல் அடியிலேயே அரை வந்து நிக்கும், அரை முழு எண் இல்ல, கடை மூடியாச்சு. அதாவது தலைக்கெழு 1 கோவையால எந்த வளையத்து மேலயும் ஈவு–மீதி வகுத்தல் நடக்கும். கெழுக்கள் எங்க இருந்து வந்தாலும் அதுக்குக் கவலை இல்லை. நம்பகமான ஆள்.

அதனால ஒரு புது வளையம்: பகுதியில தலைக்கெழு 1 கோவைகள் மட்டும் வரலாம். வேற யாருக்கும் அனுமதி இல்ல. விகிதமுறு சார்புகளோட வளையம்தான், ஆனா வாசல்ல கறாரான வாட்ச்மேன். இது கோவைகளுக்கும் களத்துக்கும் நடுவுல, தசம எண்கள் மாதிரி நிக்கிற வளையம்.

ஹாரக்ஸ் சொன்னது இதுதான்: கெழுக்கள் ஒரு லோக்கல் வளையத்துல இருந்து வருதுன்னு வச்சுக்குவோம். லோக்கல்னா ஒரே ஒரு புள்ளியோட அக்கம்பக்கத்தை மட்டும் பார்க்கற வளையம். ஒற்றைப்படை எண்களை மட்டும் பகுதியில விட்டா கிடைக்கற பின்னங்கள் ஒரு உதாரணம். அப்போ, தலைக்கெழு 1 பகுதிகளை அனுமதிச்சதும் ஒரு துண்டுக்கு அச்சு கிடைச்சுதுன்னா, அனுமதிக்காமலே அதுக்கு அச்சு உண்டு. அதாவது இந்த வகைக் கடன் தானாவே தள்ளுபடி ஆயிடும்! அவர் இதை வடிவியலா பார்த்தார். ஒரு கோட்டோட கடைசியில முடிவிலின்னு ஒரு புள்ளியை ஒட்டினா அது மூடின கோடு ஆகும். தலைக்கெழு 1 கோவை அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல எங்கேயும் பூஜ்யம் ஆகாது. அதனால அங்கிருந்து தைச்சுக்கிட்டு வரலாம்.

அப்புறம் 1974ல டாடா நிறுவனத்துல வளர்ந்த பவமான் மூர்த்தியும் டௌபரும் சேர்ந்து, இயற்கணித ரீதியா மூடின களங்கள் மேல (சிக்கல் எண்கள் மாதிரி) மூணு மாறிக்கு முடிச்சாங்க. சோவியத் பக்கம் சுஸ்லினும் வாசர்ஸ்டைனும் இதே மலையை வேற பக்கமா ஏறிக்கிட்டு இருந்தாங்க. மூணு, நாலுன்னு ஒவ்வொரு படியா ஏற வேண்டியதுதான்னு தோணின நேரம்.

1976 ஜனவரி

ஒரே மாசம். அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில டேனியல் க்வில்லன், வயசு 35. லெனின்கிராட்ல ஆந்த்ரே சுஸ்லின், வயசு 25. ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தம் இல்லாம, ரெண்டு பேரும் எத்தனை மாறி இருந்தாலும் சரின்னு முழுக் கேள்வியையும் முடிச்சுட்டாங்க. வெட்டவெளியில திருகல் இல்லவே இல்லை. க்வில்லன் கட்டுரை அஞ்சு பக்கம்.

க்வில்லன் நிரூபணத்தோட எலும்புக்கூட்டை இங்க சொல்லியே ஆகணும். இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, பரிசு கொடுக்காம அனுப்பினா பாவம்.

பத்து மாறி இருக்குன்னு வச்சுக்குங்க. ஒன்பது மாறிக்கு ஏற்கெனவே தெரியும். பத்தாவது மாறியைத் தனியா நிறுத்தி, அதுல உள்ள விகிதமுறு சார்புகள் எல்லாத்தையும் "எண்கள்"னு அறிவிச்சுடுங்க. தப்பே இல்ல, அது ஒரு களம்தானே. இப்போ புதுக் களத்து மேல ஒன்பது மாறிதான் இருக்கு. ஒன்பதுக்குத் தெரியும், ஆக அச்சுகள் கிடைச்சாச்சு. சேஷாத்ரி எக்ஸுக்குப் பண்ணின அதே ஓரவஞ்சனை!

கடன் எவ்வளவு? பகுதியில வர்றது பத்தாவது மாறியோட கோவைகள் மட்டும். அதுவும் கொஞ்சம்தான், எல்லாத்தையும் பெருக்கி ஒரே கோவை ஆக்கிடலாம். அதோட கெழுக்கள் வெறும் எண்கள். அதனால தலைக்கெழுவால வகுத்து தலைக்கெழு 1 ஆக்கிடலாம். அட, நம்ம வாட்ச்மேன் உள்ளே விடற ஆள்!

ஆக கடன் முழுக்க ஹாரக்ஸ் தள்ளுபடி பண்ற வகைக் கடன். ஒரே சிக்கல், ஹாரக்ஸ் தள்ளுபடி ஒவ்வொரு புள்ளியோட அக்கம்பக்கத்துலதான் செல்லும். ஒவ்வொரு தெருவுலயும் சரி, மொத்த ஊருக்கும் சரியா? தெருத்தெருவா கிடைச்ச அச்சுகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகணும்னு என்ன கட்டாயம்?

இங்க க்வில்லன் பண்ணினதுதான் மாஸ். மத்த ஒன்பது மாறிகள்ல "இந்தக் கோவையைப் பகுதியில விட்டா, நம்ம துண்டு பத்தாவது மாறியோட குறுக்கீடே இல்லாம நேரா வந்துடுது" என்ற குணம் உள்ள கோவைகளை எல்லாம் ஒரு கூட்டமா சேர்த்தார். நல்ல பகுதிகளோட கூட்டம். அந்தக் கூட்டத்துல ரெண்டைக் கூட்டினாலும் அதுலயே இருக்கும், வெளியில இருந்து எதைப் பெருக்கினாலும் அதுலயே இருக்கும்னு நிரூபிச்சார். கூட்டலுக்கும் ஒத்து வருதுங்கறதுதான் முழுக் கஷ்டமும், தெருக்களைத் தைக்கிற வேலை அங்கதான் நடக்குது. அப்புறம் ஹாரக்ஸ் சொல்றார்: எந்தப் புள்ளியை எடுத்தாலும், அங்க பூஜ்யம் ஆகாத ஒரு நல்ல பகுதி உண்டு. எல்லாப் புள்ளியிலும் தப்பிக்கிற இப்படிப்பட்ட கூட்டத்துக்குள்ள 1 இருந்தே ஆகணும்.

1 ஒரு நல்ல பகுதி. பகுதி 1னா என்ன அர்த்தம்? பகுதியே இல்லைன்னு அர்த்தம்!

அப்போ துண்டு பத்தாவது மாறி இல்லாமலே, ஒன்பது மாறி உலகத்துல இருந்து நேரா வந்ததுன்னு ஆச்சு. ஒன்பதுக்குத்தான் தெரியுமே. முடிஞ்சது. சேஷாத்ரி தவணை தவணையா அடைச்ச கடனை க்வில்லன் ஒரே செக்ல அடைச்சுட்டார்.

சுஸ்லின் வழி வேற. அவர் வரிசைகளை நேரா எடுத்துக்கிட்டு, மாறிகளைச் சாமர்த்தியமா மாத்தி வரிசையில ஒரு கோவையைத் தலைக்கெழு 1 ஆக்கி, அப்படிப்பட்ட வரிசையை நிரப்ப முடியும்னு காட்டினார். அங்கேயும் ஹீரோ அதே தலைக்கெழு 1தான். பின்னாடி வாசர்ஸ்டைன் இதை இன்னும் சுருக்கினார். அந்த வடிவம் லாங் எழுதின பிரபலமான இயற்கணிதப் பாடப்புத்தகத்துலயே இருக்கு. 21 வருஷக் கேள்வி, இப்போ எம்.எஸ்ஸி. மாணவர் ஒரு சாயங்காலத்துல படிக்கிற விஷயம்.

"இதனால என்னய்யா பிரயோஜனம்?"

கேக்காம விட மாட்டீங்கன்னு தெரியும். பல திசைகள்ல ஓடற சிக்னல்களை அலசறவங்களுக்குப் பல மாறிக் கோவைகளால ஆன அணிகள்தான் சோறு. அந்த அணிகளைப் பிரிக்க இந்தத் தேற்றம் உதவும்னு 1984லயே யூலாவும் பிக்கெலும் எழுதினாங்க. "நிரப்ப முடியும்னு சொல்றீங்க, நிரப்பிக் காட்டுங்க"ன்னு கேட்டவங்களுக்காக, கணினியில போடற மாதிரி வழிமுறையை 1992ல லோகரும் ஸ்டர்ம்ஃபெல்ஸும் கொடுத்தாங்க.

கேள்வி முழுசா தீர்ந்துடலை. கெழுக்கள் களத்துக்குப் பதிலா, கூர்முனையோ மடிப்போ இல்லாத பொதுவான வளையத்துல இருந்து வந்தா என்ன ஆகும்? இதுக்கு பாஸ்–க்வில்லன் அனுமானம்னு பேர். வடிவியல்ல வழக்கமா வர்ற வளையங்களுக்கு 1981ல லிண்டெல் முடிச்சார். முழுப் பொதுவா இன்னும் திறந்தே கிடக்கு.

க்வில்லன் 1978ல ஹெல்சின்கியில ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார், 2011ல காலமானார். சுஸ்லின் 2018ல. சேஷாத்ரி அந்த மூணு பக்கத்தோட நிக்கலை. 1965ல நரசிம்மனோட சேர்ந்து எழுதின தேற்றம் இன்னிக்கும் இயற்பியல்காரங்க வரைக்கும் பேர் சொல்லற விஷயம். சென்னைக்குத் திரும்பி வந்து 1989ல சின்னதா ஆரம்பிச்ச கணிதப் பள்ளிதான் இன்னிக்கு சிறுசேரியில இருக்கற சென்னை கணிதவியல் நிறுவனம். கர்நாடக சங்கீதமும் நல்லாப் பாடுவார். 2020 ஜூலையில காலமானார்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. 1958ல சேஷாத்ரி பண்ணினது "சின்ன கேஸ்"னு சொல்றவங்க உண்டு. ரெண்டு மாறிதானே. ஆனா க்வில்லனோட அஞ்சு பக்கத்தைத் திறந்தா, முதல் அசைவு அதே அசைவு: ஒரு மாறியை மட்டும் பின்னம் ஆக்கு, மிச்ச உலகம் சின்னதாயிடும், வேலையை முடி, பகுதியைத் தொலை. நடுவுல 18 வருஷம் ஆனது, எந்தப் பகுதியை உள்ளே விட்டா திரும்பி வரலாம்னு கண்டுபிடிக்கத்தான். முதல் கதவைத் திறந்தவர் கையில இருந்ததும் கடைசிக் கதவைத் திறந்தவர் கையில இருந்ததும் ஒரே கொத்துச் சாவி. அதை ஊர்ப் பெருமைக்காகச் சொல்லலை. நிரூபணத்துலயே எழுதியிருக்கு.

போறதுக்கு முன்னாடி வீட்டுப்பாடம். (எக்ஸ், ஒய், 1 − எக்ஸ்×ஒய்) – இந்த வரிசையை அணிக்கோவை 1 வர்ற மாதிரி 3 × 3 அணியா நிரப்புங்க. 0, 1, ஒய் இதைத் தவிர வேற சரக்கு தேவையில்ல. ஒரு மைனஸ் குறி மட்டும் வேணும். முதல்ல போட்டுச் சொல்றவங்களுக்கு அடுத்த சந்திப்புல ஒரு டிகிரி காபி. காபிக்குப் பின்னம் கிடையாது, முழு டம்ளர் :-)